பத்து வெங்காயப் பட்டறை, பத்து நோட்டு... ஜாவா படிக்கும் பிள்ளைகளை மிரட்டும் அந்த மூன்று சொல் பிழை!

சென்னையிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு பாடாலூர் ஒரு பெயர்ப் பலகை மட்டும்தான். பெரம்பலூர் தாண்டியதும் தூக்கம் கலைந்து, 'திருச்சி வந்துடுச்சா?' என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் நேரத்தில் கடந்துபோகும் ஊர். ஆனால், சின்ன வெங்காயம் வாங்கி விற்பவர்களுக்கு இந்தப் பக்கம் நன்றாகவே தெரியும். பாடாலூர், செட்டிகுளம், இரூர், நாரணமங்கலம், நாட்டார்மங்கலம் என ஆலத்தூர் தாலுகாவே சின்ன வெங்காய பூமி. தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் இருக்கிறது.

இங்கே அறுவடையான வெங்காயத்தை அன்றைக்கே விற்றுவிட எல்லோருக்கும் மனசு வராது. விலை இன்று ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று. அதனால், பட்டறை போடுவார்கள். தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, பக்கங்களில் காற்று புகுந்து வெளியேற வழிவிட்டு, மேலே மழை படாமல் மூடி வைக்கும் சேமிப்பு அமைப்பு அது. அடுத்த பட்டத்துக்கு நடவு செய்யும் விதை வெங்காயமும் இதில்தான் காத்திருக்கும்.

சரி, 'ஜாவா' என்று தலைப்பு வைத்துவிட்டு வெங்காயக் கதை எதற்கு?

இந்த வெங்காயக் காட்டு வீடுகளிலிருந்துதான் இன்று கணிசமான பிள்ளைகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கக் கிளம்புகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2021-ல் வந்த பிறகு, அந்த இடங்களில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை, ஒரே கோடை விடுமுறையில் ஆங்கிலப் புத்தகத்துக்கு மாறிவிடுகிறது. இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது ஜாவா வந்து நிற்கிறது. அப்போது கம்ப்யூட்டர் திரையில் ஒரு பிழைச் செய்தி வரும் பாருங்கள்... 'ஜெனரிக் அரே கிரியேஷன்'. மூன்றே சொல். என்ன தப்பு, ஏன் தப்பு, எப்படிச் சரிசெய்வது என்று எதுவுமே சொல்லாது!

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் ஜாவா வழியே பொருள்நோக்கு நிரலாக்கம் கற்றுத்தரும் பாடம், சிஎஸ் 3391. அதன் நான்காம் அலகில் 'ஜெனரிக் புரோகிராமிங்' என்ற பகுதியின் கடைசியில் 'ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் அண்ட் லிமிடேஷன்ஸ்' என்று இருக்கும். அதுவும் மூன்றே சொல்தான். மேலே சொன்ன பிழைக்கான விளக்கம் அந்த மூன்று சொல்லுக்குள்தான் அடைபட்டுக் கிடக்கிறது. தேர்வுக்கு முந்தைய நாள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஐந்தாறு வரிகளாக அதைக் கடந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். பிறகு வேலைக்கான நேர்காணலில், 'லிஸ்ட்டுக்கு அரே போட முடியுமா?' என்று கேட்டால் 'முடியாது சார்' என்பார்கள். 'ஏன்?' என்ற அடுத்த கேள்வியில்தான் சிக்கல்.

அந்த 'ஏன்'-ஐ பாடாலூர் பட்டறையை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

கணக்கு நோட்டு கம்ப்யூட்டருக்குப் போகிறது

கற்பனைக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்குப் பத்து பட்டறைகள். எந்தப் பட்டறையில் யாருடைய வெங்காயம், எத்தனை மூட்டை என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். மகள் இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ். விடுமுறைக்கு வந்தவள், 'இந்த நோட்டை நான் ஜாவாவில் எழுதித் தர்றேம்ப்பா' என்கிறாள். நல்ல யோசனைதான். வகுப்பில் தரும் 'எம்ப்ளாயி - சேலரி' உதாரணத்தைவிட இது எவ்வளவோ மேல்.

பட்டறைகள் பத்து. இந்த எண்ணிக்கை இன்றைக்கு இன்றே மாறப்போவதில்லை. வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இதுதான் 'அரே'. பள்ளிப் புத்தகத்தில் 'அணி' என்று படித்திருப்பார்கள். உருவாக்கும்போதே 'எனக்குப் பத்து இடம் வேண்டும்' என்று சொல்லிவிட வேண்டும். பிறகு பதினொன்றாக நீட்ட முடியாது, ஒன்பதாகச் சுருக்கவும் முடியாது. எண்ணும்போது மட்டும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். அப்பாவின் முதல் பட்டறை, மகளின் புரோகிராமில் பூஜ்யமாவது பட்டறை. இதை அப்பாவுக்குப் புரியவைப்பது ஜாவாவைவிடக் கஷ்டம்.

ஆனால், ஒரு பட்டறைக்குள் எத்தனை பேரின் வெங்காயம் இருக்கும் என்பது நிலையில்லாதது. ஒன்றில் மூன்று வரவு. இன்னொன்றில் பதினேழு. விதைக்கு எடுத்துப் போனால் குறையும், புதிதாக வந்தால் கூடும். இப்படி நீளவும் சுருங்கவும் கூடியது 'லிஸ்ட்'. ஜாவாவில் அதிகம் புழங்கும் லிஸ்ட்டின் பெயர் 'அரேலிஸ்ட்'.

ஆக, மகளுக்குத் தேவை பத்து இடங்கள் கொண்ட ஓர் அரே. அதன் ஒவ்வோர் இடத்திலும் ஒரு லிஸ்ட். ரொம்ப இயல்பான ஆசைதான். அவள் எழுதுகிறாள்:

லிஸ்ட்<ஸ்ட்ரிங்>[] பட்டறை = நியூ லிஸ்ட்<ஸ்ட்ரிங்>[10];

'பெயர்களைக் கொண்ட லிஸ்ட்டுகளில் பத்து கொடு' என்பது இதன் பொருள். கம்பைலர் ஏற்க மறுக்கிறது. சமமாகக் குறிக்கு இடதுபக்கம் அதே எழுத்து சரி, வலதுபக்கம் மட்டும் தப்பு. இங்கேதான் பலர், 'ஸ்பெல்லிங் மிஸ்டேக்கோ' என்று அரை மணி நேரம் அரைப்புள்ளியையும் அடைப்புக்குறியையும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு விதமான காவல்காரர்கள்

விஷயம் எழுத்துப்பிழை அல்ல. அரேயும் லிஸ்ட்டும் தங்களுக்குள் தப்பான பொருள் நுழையாமல் பார்த்துக்கொள்ளும் விதமே வேறு வேறு.

அரேக்கு ஒரு வாசல் காவல்காரர் உண்டு. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் நின்று, உள்ளே போகும் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்ப்பார். பெயர்களுக்கான அரேக்குள் ஓர் எண்ணைத் திணிக்கப் பார்த்தால் அதே இடத்தில் பிடித்துவிடுவார். 'அரே ஸ்டோர் எக்ஸெப்ஷன்' என்று புரோகிராம் நின்றுவிடும். 'என்னுள் இருக்க வேண்டியது இந்த வகைதான்' என்ற விவரம் அரேயிடம் கடைசிவரை இருக்கும்.

லிஸ்ட்டுக்கு இருப்பது வேறு விதமான சோதனை. லாரி கிளம்பும் இடத்திலேயே ஓர் அதிகாரி உட்கார்ந்து காகிதத்தைச் சரிபார்க்கிறார். அவர்தான் கம்பைலர். 'இது பெயர்களுக்கான லிஸ்ட், இதில் எண் போகக் கூடாது' என்பதை அவர் அங்கேயே கறாராகப் பார்த்துவிடுவார். தப்பு இருந்தால் வண்டியே நகராது. ஆனால், சரிபார்த்து முடித்ததும் மூட்டையில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்! நெடுஞ்சாலையில் ஓடும்போது அது வெறும் 'லிஸ்ட்'. பெயர்களின் லிஸ்ட்டா, எண்களின் லிஸ்ட்டா என்று வழியில் கேட்டால் அதற்கே தெரியாது. இந்தச் சீட்டுக் கிழிப்புக்கு ஜாவா உலகில் 'டைப் எரேஷர்' என்று பெயர். வகை அழிப்பு என்று சொல்லலாம்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வாசல் காவல்காரர் நிற்கும் அரேக்குள், சீட்டு கிழிக்கப்பட்ட லிஸ்ட்டுகள் வருகின்றன. 'நீ பெயர் லிஸ்ட்டா?' என்று அவரால் கேட்க முடியாது. 'நீ லிஸ்ட்டா?' என்று மட்டும்தான் கேட்க முடியும்.

இதில் என்ன ஆபத்து? ஜாவாவில் பொருள்களை வைக்கும் எந்த அரேயையும், 'எந்தப் பொருளும் இருக்கலாம்' என்ற பொதுவான 'ஆப்ஜெக்ட்' அரேயாக வேறொரு பெயரில் கையாள அனுமதி உண்டு. பெயர் லிஸ்ட்டுகளுக்கான பட்டறை வரிசையை ஒருவர் அப்படிப் பொதுப்பெயரில் எடுத்துக்கொள்கிறார். அதன் மூன்றாவது இடத்தில், எண்கள் நிறைந்த ஒரு லிஸ்ட்டை வைக்கிறார். காவல்காரர் பார்க்கிறார்: 'லிஸ்ட்தானே, போ.' உள்ளே போய்விடுகிறது. பிழை இல்லை, நிற்கவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, புரோகிராமின் வேறொரு மூலையில், எந்தத் தவறும் செய்யாத ஒரு வரி அந்த லிஸ்ட்டிலிருந்து ஒரு பெயரை எடுக்கிறது. வெளியே வருவது எண். 'கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன்' என்று புரோகிராம் விழுகிறது. தப்பு நடந்த இடம் ஒன்று, தண்டனை கிடைத்த இடம் வேறு. இரவெல்லாம் தேடினாலும் கிடைக்காத பிழைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

காவல்காரரால் காவல் காக்க முடியாத ஒரு கட்டடத்தைக் கட்டவே கூடாது என்பது ஜாவாவின் முடிவு. அந்த மூன்று சொல் பிழையின் முழு அர்த்தம் இதுதான்.

சீட்டை ஏன் கிழித்தார்கள்?

நியாயமான கேள்வி. கிழிக்காமலே இருந்திருக்கலாமே?

பதில், ஜாவாவின் வயதில் இருக்கிறது. ஜேம்ஸ் காஸ்லிங் தலைமையில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஜாவா, 1995-ல் வெளியுலகுக்கு அறிமுகமானது. (அதே ஆண்டில்தான் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டமானது. இரண்டுக்கும் ஒரே வயசு!) அந்த முதல் ஜாவாவில் இந்தக் கோண அடைப்புக்குறி விஷயமே கிடையாது. அரே மட்டும்தான் வகை தெரிந்தது. எந்த வகை அரேயையும் பொதுவான ஒரே முறையில் வரிசைப்படுத்தவும் ஒப்பிடவும் வேண்டியிருந்ததால், அரேக்களைப் பொதுப்பெயரில் கையாளும் அந்த அனுமதியைக் கொடுத்தார்கள். அதற்கு ஈடாகத்தான் வாசல் காவல்காரர்.

1998-ல் வந்த ஜாவா 1.2-ல் லிஸ்ட், செட், மேப் எல்லாம் ஒரு குடும்பமாகச் சேர்ந்தன. அந்த 'கலெக்‌ஷன்ஸ்' கட்டமைப்பை வடிவமைத்தவர் ஜோஷ்வா பிளாக். அப்போதும் லிஸ்ட்டுக்குள் எதை வேண்டுமானாலும் போடலாம். எடுக்கும்போது 'இது பெயர்தான்' என்று நாமே சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் பொய்த்தால் புரோகிராம் விழும்.

அதே 1998-ல் கிலாட் பிராக்கா, மார்ட்டின் ஒடர்ஸ்கி, டேவிட் ஸ்டவுட்டமையர், பிலிப் வாட்லர் ஆகிய நால்வர், ஜாவாவில் வகைகளைக் குறிப்பிட்டு எழுதும் வழியைக் காட்டினார்கள். அவர்களின் முன்மாதிரி மொழிக்கு 'ஜிஜே' என்று பெயர். அதை அடிப்படையாகக் கொண்டு 'ஜெனரிக்ஸ்' அதிகாரபூர்வமாக ஜாவாவுக்குள் வந்தது 2004-ல், ஜாவா 5 பதிப்பில்.

1995-க்கும் 2004-க்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். அதற்குள் வங்கி, டெலிகாம், விமான நிறுவனம் என்று உலகம் முழுக்க ஜாவாவில் எழுதப்பட்டவை மலைபோலக் குவிந்துவிட்டன. அவற்றில் எதிலும் சீட்டு இல்லை. 'இனி சீட்டு இல்லாத மூட்டை செல்லாது' என்று அறிவித்தால் அத்தனையும் ஒரே நாளில் குப்பை. அதனால், சீட்டைக் கம்பைலரோடு நிறுத்திக்கொண்டு, ஓடும் நேரத்தில் பழையதும் புதியதும் ஒரே மாதிரி தெரியும்படி செய்தார்கள். பழைய வாடிக்கையாளரை இழக்காமல் புதுக் கணக்கு ஆரம்பித்த வியாபார புத்தி அது. அதன் விலையைத்தான் இன்று இரண்டாம் ஆண்டு மாணவி லேப்பில் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனாலும், அந்த முடிவைக் குறை சொல்ல மனசு வரவில்லை. இருபது ஆண்டுக்கு முன் எழுதிய ஜாவா புரோகிராம்கள் பல இன்றும் ஓடிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்போ, வழியே இல்லையா?

இருக்கிறது. வலதுபக்கம் இருக்கும் கோண அடைப்புக்குறியை எடுத்துவிட்டால் போதும்.

லிஸ்ட்<ஸ்ட்ரிங்>[] பட்டறை = நியூ லிஸ்ட்[10];

சீட்டே ஒட்டாத லிஸ்ட்டுகளுக்கு அரே கேட்கிறோம், கம்பைலர் கொடுத்துவிடும். ஆனால், 'அன்செக்ட்' என்று ஓர் எச்சரிக்கையும் தரும். 'சரிபார்க்க என்னால் முடியவில்லை, இனி உன் பொறுப்பு' என்பதுதான் அதற்கு அர்த்தம். பிழை வேறு, எச்சரிக்கை வேறு. எச்சரிக்கை வந்தாலும் புரோகிராம் ஓடும். பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்கள், 'சப்ரெஸ் வார்னிங்ஸ்' என்ற குறிப்பை அந்த வரிக்கு மேலே எழுதி எச்சரிக்கையை நிறுத்திவைக்கலாம். அதை அந்த ஒரு வரிக்கு மட்டும் எழுதுவது நல்லது. மொத்த புரோகிராமின் தலையிலும் எழுதிவிட்டால், வீட்டு நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவதைப் போல ஆகிவிடும்.

இது ஏதோ மாணவர்களின் குறுக்கு வழி என்று நினைக்க வேண்டாம். ஜாவாவோடு வரும் 'ஹாஷ்மேப்' என்ற கருவியின் மூல நிரலைத் திறந்து பாருங்கள். உள்ளே ஓர் அரே. அதன் ஒவ்வோர் இடத்திலிருந்தும் தொங்கும் ஒரு சங்கிலி. கிட்டத்தட்ட நம் பட்டறை வரிசையேதான்! அதை எழுதியவர்களுக்கும் இதே தடை வந்தது. அவர்களும் அடைப்புக்குறி இல்லாமல் அரேயை உருவாக்கி, வகையை மாற்றிக்கொண்டு, எச்சரிக்கையை அணைக்கும் அதே குறிப்பை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். மொழியைக் கட்டியவர்களுக்கே இந்தச் சுவரில் இடிக்கிறது என்று தெரிந்தால் மாணவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஹாஷ்மேப் எப்படி வேலை செய்கிறது என்பது நேர்காணல்களில் அடிக்கடி வரும் கேள்வி என்பதால் இன்னும் ஒரு வார்த்தை. வழக்கமாக அது 16 இடங்களோடு தொடங்கும். முக்கால்வாசி அளவுக்குச் சேர்ந்ததும், அதாவது 12-ஐத் தாண்டும்போது, இடங்களை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். ஒரே இடத்தில் நிறைய சேர்ந்து சங்கிலி நீண்டுவிட்டால், ஜாவா 8 முதல் அதை மரமாக மாற்றிக்கொள்ளவும் செய்யும். 'லிஸ்ட்டுகளின் அரே' என்ற யோசனை புரிந்தவர்களுக்கு இதில் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை.

கட்டாத பட்டறையில் மூட்டை இறக்கினால்?

அரே கிடைத்துவிட்டது. மகள் சந்தோஷமாக, 'முதல் பட்டறையில் இரூர் வெங்காயத்தைச் சேர்' என்று எழுதி ஓட்டுகிறாள். புரோகிராம் விழுகிறது. 'நல் பாயின்டர் எக்ஸெப்ஷன்'. ஜாவா படித்த யாருக்கும் இந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு சிலிர்ப்பு வரும்.

காரணம் எளிமையானது. பத்து இடத்துக்கு அரே கேட்டாள். கிடைத்தது பத்து காலி மனை. ஒவ்வொரு மனையிலும் எண் பலகை நட்டிருக்கிறது, பட்டறை இல்லை. எல்லா இடத்திலும் 'நல்', அதாவது 'இங்கே ஒன்றுமில்லை'. பத்து இடத்துக்கும் ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஒரு புதிய அரேலிஸ்ட்டை வைத்த பிறகுதான் மூட்டை இறக்க முடியும். 'ஃபார்' சுழற்சியில் இரண்டு வரி வேலை. மறந்துபோகிறவர்கள்தான் அதிகம். ஜாவா 14-லிருந்து எந்த இடம் காலியாக இருந்தது என்பதையும் பிழைச் செய்தியே விளக்கிச் சொல்லும் வசதி வந்துவிட்டது. கல்லூரி லேப்பில் இன்னும் ஜாவா 8 ஓடிக்கொண்டிருந்தால் அந்த பாக்கியம் கிடைக்காது.

இதைவிட நயவஞ்சகமான தப்பு ஒன்று உண்டு. சுழற்சி எழுதச் சோம்பல்பட்டு, 'அரேஸ்.ஃபில்' என்ற ஒற்றை வரியில் ஒரு புதிய அரேலிஸ்ட்டைக் கொடுத்து, 'எல்லா இடத்தையும் இதால் நிரப்பு' என்று சொல்லிவிடுவது. புரோகிராம் நன்றாக ஓடும். பிழை இல்லை, எச்சரிக்கைகூட இல்லை. ஆனால், முதல் பட்டறையில் நாரணமங்கலம் 12 மூட்டை என்று சேர்த்துவிட்டு எட்டாவது பட்டறையைப் பார்த்தால், அங்கேயும் அதே 12 மூட்டை! பத்தாவதிலும் அதுவே!

நடந்தது இதுதான்: கட்டியது ஒரே ஒரு பட்டறை. பத்து எண் பலகையும் அந்த ஒன்றையே காட்டிக்கொண்டு நிற்கின்றன. அரேயில் இருப்பது லிஸ்ட் அல்ல, லிஸ்ட் இருக்கும் இடத்துக்கான விலாசம். ஒரே விலாசத்தைப் பத்து முறை எழுதினால் பத்து வீடு வந்துவிடாது. பிழை காட்டி நிற்கும் புரோகிராமைவிட, தப்பான கணக்கைச் சிரித்துக்கொண்டே காட்டும் புரோகிராம்தான் ஆபத்து. 12 மூட்டையை 120 என்று நம்பி அப்பா யாரிடமாவது விலை பேசி முன்பணம் வாங்கிவிட்டால்?

எடுக்கும்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. லிஸ்ட்டில் பெயருக்குப் பதில் மூட்டை எண்ணிக்கையை மட்டும் வைத்திருக்கிறாள் என்று வையுங்கள்: 5, 3, 8, 12. இதில் 3 மூட்டை விற்றுப்போனது. 'ரிமூவ்(3)' என்று எழுதுகிறாள். ஜாவா 3-ஐ நீக்காது, மூன்றாம் எண் இடத்தில் இருப்பதை நீக்கும். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால், போனது 12! எண்களின் லிஸ்ட்டில் மட்டும் வரும் குழப்பம் இது. 'இது இடத்தின் எண் அல்ல, பொருள்' என்று 'இன்டிஜர்.வேல்யூஆஃப்' மூலம் தெளிவாகச் சொன்னால்தான் 3 போகும். நேர்காணல் கேள்வி தயாரிப்பவர்களுக்கு இது அல்வா.

ஊர்களும் சாலைகளும்

'இந்த லிஸ்ட் அரே எல்லாம் நிஜ வேலையில் வருமா, பரீட்சைக்கு மட்டுமா?' என்று கேட்கலாம். கூகுள் மேப்பில் வழி தேடும்போது பின்னால் நடக்கும் கணக்கின் அடிப்படை வடிவம் இதுதான். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே, அங்கிருந்து நேராகப் போகக்கூடிய ஊர்களின் லிஸ்ட். பாடாலூர் எதிரே இரூர், செட்டிகுளம் என்று நீளும். முட்டுச்சந்து கிராமத்துக்கு எதிரே ஒரே ஒரு பெயர் இருக்கும். பெரம்பலூருக்கு எதிரே நீளமான லிஸ்ட் இருக்கும்.

இதையே கட்டம் கட்டமாக அட்டவணை போட்டால் என்ன ஆகும்? ஆயிரம் ஊருக்கு ஆயிரம் வரிசை, ஆயிரம் பத்தி. மொத்தம் 10 லட்சம் கட்டம். ஓர் ஊருக்குச் சராசரியாக நான்கு சாலை என்றால், அதில் 4,000 கட்டம்தான் நிரம்பும். மிச்சமெல்லாம் காலி. லிஸ்ட்டுகளாக வைத்தால் அந்த 4,000 மட்டும் போதும். வழி தேடல், நண்பர்களின் நண்பர்கள், எந்தப் பாடத்தை முடித்தால் எந்தப் பாடம் எடுக்கலாம் என்பது... எல்லாம் இந்த ஒரே வடிவத்துக்குள் வந்துவிடும். 'கிராஃப்' என்ற பெயரில் இதையே இன்னொரு பாடத்தில் படிப்பார்கள். இரண்டு பாடத்தையும் ஒன்று சேர்த்துச் சொல்லித்தர யாராவது அமைந்தால் அதிர்ஷ்டம்.

தமிழ்நாட்டில் ஜாவாவுக்கு மவுசு குறையாததற்கு ஊரறிந்த ஓர் உதாரணம், சோஹோ. 1996-ல் 'அட்வென்ட்நெட்' என்ற பெயரில் தொடங்கி, நெட்வொர்க் மேலாண்மைக்கான ஜாவா கருவிகளை விற்று வளர்ந்த நிறுவனம் அது. தென்காசி பக்கத்தில் மத்தளம்பாறை கிராமத்தில் அலுவலகம் வைத்தது. பிளஸ் டூ, டிப்ளோமா முடித்தவர்களுக்காகத் தனிப் பள்ளியே நடத்துகிறது. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகளைக் கொண்டுவந்திருக்கிறது. கதவுகள் திறந்துதான் இருக்கின்றன. ஆனால், உள்ளே போனதும் கேட்கப்படும் இரண்டாவது கேள்வி 'ஏன்?' என்பதாகவே இருக்கிறது. அதற்குத் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பதில் சொன்னால் யாரும் மதிப்பெண் குறைக்கப்போவதில்லை. 'சீட்டைக் கிழித்துவிடுகிறார்கள்' என்று மனசுக்குள் படம் ஓடினால், 'டைப் எரேஷர்' என்ற சொல் வாயில் தானாக வரும்.

பெற்றோருக்கும் ஒரு விஷயம். பிள்ளை லேப்டாப் முன்னால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், 'இவ்ளோ பணம் கட்டிப் படிக்க வெச்சும் வரலையே' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அந்தப் பிழையில் மாட்டிக்கொண்டு முழித்த அனுபவம், பல ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கும் உண்டு.

அப்பா பதினோராவது பட்டறை போட்டபோது...

கதையை முடிக்காமல் விட்டுவிட்டோமே! மகள் எல்லாவற்றையும் சரிசெய்து, அப்பாவின் நோட்டை அப்படியே திரையில் கொண்டுவந்துவிட்டாள். வீடே பார்த்து மகிழ்ந்தது. அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருந்ததில், அப்பா சத்தமில்லாமல் இன்னொரு பட்டறை போட்டுவிட்டார். பத்து இடம் கொண்ட அரேயில் பதினோராவதற்கு ஏது இடம்? 'அரே இன்டெக்ஸ் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்' என்று மறுபடியும் ஒரு விழுகை.

இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் ஜோஷ்வா பிளாக் தன் 'எஃபெக்டிவ் ஜாவா' புத்தகத்தில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். அரேயையும் ஜெனரிக்ஸையும் கலக்கப்போய்ப் பிழையோ எச்சரிக்கையோ வந்தால், அரேயை விட்டுவிட்டு லிஸ்ட்டையே பயன்படுத்திப் பாருங்கள் என்பது அது. அதாவது, லிஸ்ட்டுகளின் லிஸ்ட்:

லிஸ்ட்<லிஸ்ட்<ஸ்ட்ரிங்>> பட்டறை = நியூ அரேலிஸ்ட்<>();

எச்சரிக்கை இல்லை, எதையும் அணைத்துவைக்கத் தேவையில்லை. கம்பைலர் முழுசாகச் சரிபார்க்கும். பதினோராவது பட்டறைக்கு 'ஆட்' என்று ஒரு வரி. வேகம் குறையுமே என்று கேட்டால், இந்த மாதிரி கணக்கில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையாது. அரேலிஸ்ட்டின் உள்ளே இருப்பதும் ஓர் அரேதான். இடம் தீர்ந்ததும் ஒன்றரை மடங்கு பெரிதாக இன்னோர் அரேயை எடுத்து, பழையதை அதில் நகல் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். போட்டித் தேர்வுகளில் லட்சக்கணக்கான புள்ளிகளை வைத்து நேரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் மட்டும் அரே பக்கம் போகட்டும்.

மாற்றி எழுதும்போதும் அந்தப் பழைய கவனம் மட்டும் வேண்டும். பத்து பட்டறைக்கும் பத்து புதிய அரேலிஸ்ட்டைத் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். ஒன்றையே பத்து முறை சேர்த்தால் மறுபடியும் ஒரே பட்டறை, பத்து பலகை.

மகள் இரவோடு இரவாக மாற்றி எழுதினாள். காலையில் அப்பா வந்து, 'என்னம்மா, புதுப் பட்டறை வந்துடுச்சா?' என்று கேட்டார்.

'வந்துடுச்சுப்பா. ஆனா, அது பத்தாவது நம்பர்.'

'பத்தா? நான் பதினொண்ணுல்ல போட்டேன்!'